பத்துக்குப் பத்து அறை



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் 45 நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன டிசம்பரில் இந்தப் பக்கத்தில் நான் ஒரு கிட்டார் இசை போட்டேன், நினைவிருக்கும். மூன்றரை நிமிடம். பாட்டு கிடையாது, வெறும் வாத்தியம்தான். புளூஸ் ராக் என்று அதற்குப் பெயர். "எங்க பிசிக்ஸ் மிஸ்ஸா இது!" என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! "சூப்பர் மிஸ்", "கலக்கிட்டீங்க பெரியம்மா", இதயம், கைதட்டல் எல்லாம் வந்தது. இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை எனக்கு.

மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "மிஸ், நல்லா இருக்கீங்களா? உண்மையைச் சொல்லலாமா?" என்று இருந்தது.

எழுதியவன் 1996-ல் ப்ளஸ் டூ முடித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், அதனால் போடவில்லை. தி.நகரில் ஒரு மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறான். குறும்படம், விளம்பரம், பக்திப் பாடல் எல்லாவற்றுக்கும் ஒலிக்கலவை செய்வதுதான் அவன் தொழில். "சொல்லுடா" என்று பதில் போட்டேன்.

"வாசிப்பு நல்லா இருக்கு மிஸ். ஆனா சத்தம் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. அடியில ஒண்ணுமே இல்ல. மேல சிம்பல் எல்லாம் கடுகு தாளிக்கிற மாதிரி வெடிக்குது."

33 வருடம் சிவப்பு மையில் அடித்தவள் நான். என் தாளில் ஒருவன் அடித்தபோது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்: கோபம் வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து என் அறையில் மறுபடி போட்டுக் கேட்டேன். அடியில் பேஸ் 'தொம் தொம்' என்று நன்றாகவே இருந்தது. சிம்பல் மென்மையாகத்தான் இருந்தது. இவனுக்குத்தான் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

கிட்டார் கதை தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. எழுபதுகளில் என் அண்ணன் கல்கத்தாவில் செய்த ஒரு கிட்டார் வாங்கினார். பி.பி. கிங் இசைத்தட்டு ஒன்றை யாரிடமிருந்தோ இரவல் வாங்கி வந்து தேயத் தேயக் கேட்பார். அவர் கல்லூரிக்குப் போன பிறகு நான் எடுத்து வாசிப்பேன். மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மார்கழி பஜனை போகிற தெருவில், பாவாடை தாவணியோடு ஒரு பெண் புளூஸ் வாசித்தது அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்தபோது கிட்டாரை அங்கேயே விட்டு வந்தேன். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துப் போகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. அண்ணன் காலமான பிறகு அண்ணி அதைப் பரணிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். கழுத்து வளைந்துபோயிருந்தது, வாசிக்க முடியாது. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அண்ணா சாலை மியூசி மியூசிக்கலில் ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். 1842-லிருந்து இருக்கும் கடை. "பேரனுக்காம்மா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்க்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வீட்டில் ஒலிப்பதிவு செய்வது பெரிய காரியமில்லை. கிட்டாரை ஒரு சின்னப் பெட்டி வழியாகக் கணினியில் செருகினால் போதும், மைக் வேண்டாம். குக்கர் விசிலும் கீரைக்காரியின் குரலும் பதிவாகாது. டியூப்லைட்டை மட்டும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் சோக்கும், நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் கிட்டாரின் காந்தச் சுருளில் புகுந்து 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கும். மின்காந்தத் தூண்டல், ப்ளஸ் டூ பாடம். டிரம்ஸ் கணினி வாசிக்கும். பேஸை நான் கீபோர்டில் வாசித்துக்கொள்வேன். எல்லாவற்றையும் தனித்தனித் தடங்களில் பதிந்து, பிறகு சேர்ப்பதுதான் மிக்ஸிங். சேர்த்ததை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கேட்கும்படி கடைசியாகத் துலக்கி எடுப்பது மாஸ்டரிங்.

வீட்டில் செய்வது மட்டம் என்று நினைக்காதீர்கள். கிட்டார் கலைஞர் லெஸ் பால் வீட்டில் வைத்திருந்த டேப் இயந்திரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்துதான், மனைவி மேரி ஃபோர்டோடு சேர்ந்து 1951-ல் அமெரிக்காவையே கேட்கவைத்தார். நம் ஊரில் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு வைத்துக்கொண்ட பஞ்சதன் ஸ்டூடியோவிலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' பாடல்கள் வந்தன. அவற்றின் ஒலி அதற்கு முன் நாம் கேட்டதுபோல் இல்லையே என்று நாம் எல்லோரும் வியந்தோம். அந்த ஒலிக்குப் பின்னால் இருந்த பொறியாளர்களில் முக்கியமானவர் எச். ஸ்ரீதர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' என்று நான்கு படங்களுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2008-ல் காலமானார். நம் பையன் அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறான்.

ஒரு வாரம் கழித்துக் கோபம் தணிந்து அவன் ஸ்டூடியோவுக்குப் போனேன். பாண்டி பஜாரில் ஆட்டோவை விட்டு இறங்கி, இரண்டு மாடி ஏறினேன். என் இசையைப் போட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜமாகவே அடியில் ஒன்றுமில்லை. என் வீட்டில் இருந்த பேஸ் எங்கே போயிற்று?

"உங்க ரூம் என்ன அளவு மிஸ்?"

"பத்துக்குப் பத்து."

"உயரம்?"

"பழைய வீடு. அதுவும் பத்து அடிதான்."

அவன் சிரித்தான். "மிஸ், ஒத்ததிர்வு காற்றுத்தம்பம். நீங்க எடுத்த பாடம்."

ஒரு நொடியில் எனக்கு விளங்கியது. விளங்கியதும் வெட்கமாகப் போய்விட்டது. நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். பத்து அடி என்பது 3.05 மீட்டர். இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் பொருந்தும்போது ஒத்ததிர்வு. 345-ஐ 6.1-ஆல் வகுத்தால் சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றே என்பதால் மூன்று திசையிலும் அதே 56. நான் வாசித்தது ஏ சுரத்தில் அமைந்த 12 பார் புளூஸ். பேஸில் அந்த ஏ எத்தனை ஹெர்ட்ஸ் தெரியுமா? 55.

அதாவது என் அறையே ஒரு பெரிய குடம். நான் ஏ வாசிக்கும்போதெல்லாம் குடம் கூடவே முழங்கியது. 12 பாரில் ஏழெட்டு பார் ஏதான். "அப்பா, பேஸ் ரொம்ப அதிகம்" என்று நான் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். குடத்துக்கு வெளியே எடுத்துப் போனதும் பேஸ் காணாமல் போய்விட்டது. இசைக்கவையைத் தட்டிக் குழாயின் மேல் பிடித்து, "கவனி, இப்ப சத்தம் பெருகும் பார்" என்று வருடா வருடம் உங்களுக்குக் காட்டியவள், அதே குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சோதனை செய்தேன். கணினியில் 55 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஓடவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்தேன். சுவரோரம் மார்பில் முட்டியது. நடு அறையில் கிட்டத்தட்டக் காணோம். நான் எப்போதும் பின்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் வேலை செய்வேன். சத்தம் அதிகபட்சமாக இருக்கும் இடம் அது. இப்போது நாற்காலியைச் சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போட்டிருக்கிறேன். இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைப் பக்கச் சுவர்களில் நிறுத்தியிருக்கிறேன். அவை 56 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது, அவ்வளவு நீள அலைக்கு மெத்தை எம்மாத்திரம்? ஆனால் சுவரில் பட்டுத் தெறிக்கும் மேல் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். அடி ஒலியை ஹெட்போனிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன்.

அடி கணக்குத் தீர்ந்தது. மேல் கணக்கு? கடுகு ஏன் வெடித்தது? அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. "மிஸ், ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிக்கோங்களேன்" என்று மட்டும், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அடையாறில் ஒரு கிளினிக்கில் செய்துகொண்டேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, 250 ஹெர்ட்ஸிலிருந்து 8000 வரை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடம் கொடுத்தார்கள். வலது காதுக்கு வட்டம், இடது காதுக்குப் பெருக்கல் குறி. 2000 வரை நேராகப் போன கோடு, 4000-க்கு மேல் பெசன்ட் நகர் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. வயதானால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வெளியே வந்து கொஞ்ச நேரம் ஆட்டோ பிடிக்காமல் நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவர்களைப் பெயர் சொல்லி எழுப்பிய காது இது.

சிம்பலின் மினுமினுப்பு எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதனால் கேட்கும்வரை கூட்டியிருக்கிறேன். 6 டெசிபல்! அடியை அறை கெடுத்தது, மேலைக் காது கெடுத்தது. நடுவில் மிஞ்சியதுதான் தகர டப்பா.

அதன் பிறகு நாலைந்து சனிக்கிழமைகள் அவனிடம் பாடம் கேட்டேன். உங்களில் யாராவது வீட்டில் பதிவு செய்பவர்களாக இருந்தால் உதவும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நிறைவான ஒலி வேண்டும் என்று நான் எல்லாவற்றையும் கூட்டினேன். அவன் முதலில் செய்தது குறைத்ததுதான். கிட்டாரின் கீழ்க்கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கிட்டார் தடத்தில் இருப்பதெல்லாம் வெறும் உறுமல், அதை வடிகட்டிவிட்டான். இசைக்கு அடியில் பேஸும் டிரம்ஸின் மிதி மேளமும்தான் இருக்க வேண்டும். 250, 300 ஹெர்ட்ஸ் பக்கம் எல்லா வாத்தியமும் வந்து முட்டிக்கொள்ளும், கலங்கல் அங்கேதான். அங்கே கிட்டாரை 3 டெசிபல் குறைத்தான். இலையில் பரிமாறுவது மாதிரிதான் இது. பச்சடிக்கு ஓர் இடம், கூட்டுக்கு ஓர் இடம். எல்லாவற்றையும் நடுவில் கொட்டினால் இலை நிறையும், ருசி தெரியாது.

அடுத்தது அகலம். ஒரே தடத்தை நகலெடுத்து இரண்டாக வைத்தால் ஒலி தடிமனாகும் என்று நினைத்திருந்தேன். ஆகாது, 6 டெசிபல் சத்தம்தான் கூடும். தாளத்துக்கு வாசிக்கும் கிட்டாரை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்க வேண்டும். பங்குனி அறுபத்துமூவர் உற்சவத்தில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்து வருமே, ஒரே ஸ்வரம்தான், ஆனால் மயிரிழை முன்னே பின்னே இருக்கும். அந்த மயிரிழைதான் தெருவையே நிறைக்கிறது. இத்தனை வருடம் வாசலில் நின்று கேட்டும் எனக்கு அது தோன்றவில்லை.

மூன்றாவது, சத்தத்தைக் கூட்டிக் கேட்டு ஏமாறக் கூடாது. மனிதக் காது மெல்லிய சத்தத்தில் அடி ஒலிகளைக் குறைவாகவே கேட்கும் என்று ஃப்ளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் கூட்டினாலே எல்லாம் நிறைவாகத் தெரியும். அதனால் நல்ல இசைத்தட்டு ஒன்றை மாதிரியாக எடுத்து, நம்முடையதையும் அதையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். மாஸ்டரிங்கில் நான் சத்தத்தை அடைத்து அமுக்கியிருந்தேன். லிமிட்டர் என்ற கருவியை வைத்து நசுக்கியதில் மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒன்றாகிவிட்டன. பலன்? யூடியூப் சராசரி உரப்பு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்-க்கு மேல் இருப்பதைத் தானே குறைத்துவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடி இருக்கும். இப்போது உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்திவிட்டு, நடுவில் மூச்சு விட இடம் வைத்திருக்கிறோம்.

மேல் ஒலிக்கு நான் என் காதை நம்புவதில்லை. திரையில் வரைபடம் பார்த்து, மாதிரி இசையோடு ஒப்பிட்டு வைக்கிறேன். பிறகு பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறேன். அவளுக்கு ஒரு முறுக்கு கூலி.

இனி, இந்தப் பதிவை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி சனிக்கிழமை, கலவை முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "மிஸ், நீங்க கிட்டார் வாசிப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்றான்.

எனக்கு நினைவு வந்தது. உண்மையில் முதல் நாள் ராத்திரியே வந்துவிட்டது, நான்தான் தள்ளிக்கொண்டே இருந்தேன். 1996-ல் பெற்றோர் கூட்டத்தில் அவன் அப்பாவிடம் சொன்னவள் நான்தான். "அரைப் பரீட்சையில் பிசிக்ஸ் 200-க்கு 112. வீட்டில் கிட்டார் இருக்கும்வரை இவன் தேற மாட்டான். முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்." அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"உன் கிட்டார் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"வித்துட்டோம் மிஸ். அந்தக் காசுலதான் என்ட்ரன்ஸ் கோச்சிங் ஃபீஸ் கட்டினோம்." கொஞ்சம் நிறுத்தி, "நல்ல மார்க்கும் வந்தது மிஸ்" என்றான்.

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை. அவன் பொறியியல் முடித்து, வேலைக்குப் போய், அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து சேர ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. கிட்டார் மறுபடி வாசிக்கவில்லை. "விரல் போயிடுச்சு மிஸ்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளாக யோசித்துவிட்டேன். பொறாமை இல்லை. அக்கறைதான். ஆனால் நான் அறிந்த வழி ஒன்றே ஒன்றுதான்: கிட்டாரைக் கீழே வைத்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அதனால் அதுதான் வாழ்க்கை என்று அவனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவனிடம் "தப்புப் பண்ணிட்டேன்டா" என்றேன். "ஐயோ, விடுங்க மிஸ்" என்று எழுந்து டீ சொல்லப் போய்விட்டான். டீ வந்தது. குடித்தோம். காசு வாங்க மாட்டேன் என்றான், வற்புறுத்திக் கொடுத்தேன்.

அடுத்த ட்யூன் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் தாள கிட்டார் இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவன். விரல் போய்விட்டது என்றெல்லாம் சொன்னான். மூன்று கார்டு, சனிக்கிழமைக்கு ஒன்று என்று வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். நேற்று இரண்டாவது கார்டின் ஒலிப்பதிவை அனுப்பினான். பி-ஸ்ட்ரிங் சரியாக அமுங்கவில்லை. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

காது மெஷின் போன மாதம் வாங்கிவிட்டேன். பேச்சுக்கு அருமையாக இருக்கிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வரும் 'சொய்' சத்தத்தை எத்தனை வருடமாக இழந்திருந்தேன் என்று முதல் நாள்தான் தெரிந்தது. ஆனால் அது பேச்சுக்காகச் செய்தது, இசையை வேறு மாதிரி ஆக்குகிறது. ஆகவே கலவை வேலைக்கு உட்காரும்போது கழற்றிவிடுகிறேன். உங்களில் 50 தாண்டியவர்கள் ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லையே.

கீழே இரண்டு இணைப்புகள் கொடுத்திருக்கிறேன். ஒன்று டிசம்பரில் போட்ட பழையது, மற்றது அதே வாசிப்பின் புதிய கலவை. ஒரு சுரம்கூட மாற்றி வாசிக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், 55 ஹெர்ட்ஸ் அதில் வராது. ஹெட்போன் மாட்டி, இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் கேளுங்கள். சூப்பர் மிஸ் என்று எழுத வேண்டாம். என்ன குறை, எந்த இடத்தில், எத்தனையாவது நிமிடத்தில் என்று எழுதுங்கள். சிவப்பு மை உங்கள் கையில்.

இன்னொன்று. உங்களில் வேறு யாரிடமாவது, கிட்டாரோ கிரிக்கெட் மட்டையோ ஓவியப் பெட்டியோ, "இதை முதலில் தூக்கிப் போடு" என்று நான் சொல்லியிருந்தால், தனிச்செய்தியில் எழுதுங்கள். திட்டியும் எழுதலாம். பதில் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் மிஸ்
மயிலாப்பூர்